காதைக் கழற்றி மாட்டும் ஆணி

மேடைக்குப் பின்னால், செட்டின் முதுகுப் பக்கம், ஒரு மரத்தூணில் நீளமான ஆணி ஒன்று அடித்திருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் தெமெனுகா தன் கோட்டை அதில் மாட்டினாள். ஐம்பது வயது தாண்டிய பிறகும் அதே ஆணிதான். கோட்டு மட்டும் இரண்டு மூன்று முறை மாறியிருந்தது.

தன்யூப் கரையில் இருந்த அந்த நகரத்தின் ஓபெரா அரங்கில் அவள் வேலையைப் பார்த்த ரசிகர் ஒருவர்கூட இல்லை. கேட்டவர்கள் உண்டு. கதையில் தூரத்து மடாலயத்தில் துறவிகள் பாடுவார்கள், மலைக்கு அப்பால் வேட்டைக்காரர்கள் கொம்பு ஊதுவார்கள், கோட்டைக்கு வெளியே சிப்பாய்கள் அணிவகுத்துப் போவார்கள். அந்தப் பாட்டையெல்லாம் கோரஸ் செட்டுக்குப் பின்னால் இருட்டில் நின்று பாடும். மேடைக்கு முன்னால், ஆர்க்கெஸ்ட்ரா உட்காரும் இசைக்குழியில் நிற்கும் நடத்துநரை அங்கிருந்து பார்க்க முடியாது. அதனால் அவர்களுக்கென்று தனியாக ஒருவர் கை காட்ட வேண்டும். தெமெனுகாவின் வேலை அதுதான். முதலில் துணியில் வெட்டிய ஓட்டை வழியாகக் குழியைப் பார்த்தாள். பிறகு ஒரு சின்ன டிவிப் பெட்டி வைத்தார்கள். அதில் நடத்துநர் மேஸ்ட்ரோ த்ராக்னெவின் மார்பும் கைகளும் மட்டும் சாம்பல் நிறத்தில் தெரியும்.

அவர் கையைப் பார்த்து அப்படியே திருப்பிக் காட்டுவதுதானே என்று நினைத்துத்தான் அவளும் வந்தாள். முதல் வாரமே அடி விழுந்தது. கோரஸின் சத்தம் செட்டைத் தாண்டி, மேடையைக் கடந்து, அரங்கத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் குழியில் இருப்பவர்கள் தாளத்தின் அடுத்த அடிக்குப் போயிருப்பார்கள். அதனால் பின்னால் நிற்பவள் மேஸ்ட்ரோவின் கைக்கு முன்பே தன் கையை இறக்க வேண்டும். எவ்வளவு முன்பு என்பதை யாரும் சொல்ல முடியாது. செட் துணியா மரமா, அரங்கம் நிறைந்திருக்கிறதா காலியா என்பதைப் பொறுத்து மாறும். அதைவிடச் சிக்கல் ஒன்று இருந்தது. குழியின் சத்தம் அவள் நிற்கும் இடத்துக்குத் தாமதமாகவே வரும். ஆக, எல்லாம் சரியாக இருக்கும்போது அவள் காதுக்குக் கோரஸ் முந்தி ஓடுவதுபோல் கேட்கும். காது சொல்கிறதே என்று கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் வெளியே எல்லாம் கெட்டுப்போகும்.

அவள் இழுத்துப் பிடித்தாள். இடைவேளையில் த்ராக்னெவ் கோலைக் கையில் வைத்துக்கொண்டே பின்னால் வந்தார். அப்போது அவருக்கும் இளவயது. தலைமை நடத்துநராகி ஓராண்டுகூட ஆகவில்லை.

"பொண்ணே, உனக்குக் காது ரொம்ப நல்ல காது. அதுதான் இங்க தொல்லை," என்றார். "உள்ள வர்றப்பவே அதைக் கழட்டி அந்த ஆணியில மாட்டிரு. இங்க கண்ணு போதும்."

கோரஸ் சிரித்தது. அன்றிலிருந்து அது அவர்களுடைய கேலியாகிவிட்டது. அவள் கோட்டை மாட்டும்போதெல்லாம் அடிக்குரல்காரன் எவனாவது, "அக்கா, காதையும் சேர்த்து மாட்டியாச்சா?" என்பான். "மாட்டியாச்சு, மாட்டியாச்சு" என்பாள் தெமெனுகா. அது வேடிக்கைக்குச் சொன்ன பதிலல்ல. காதில் விழுவதை நம்பாமலிருக்க அவள் உண்மையிலேயே பழகினாள். ஒரு பருவம் முடிவதற்குள் பழக்கம் கைக்கு வந்துவிட்டது. அதற்கப்புறம் மடாலயத்துத் துறவிகள் ஒரு நாளும் தாளம் பிசகியதில்லை.

அவள் படித்தது இதற்காக அல்ல. அப்பா சர்க்கரை ஆலையின் பித்தளை வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசித்தவர். மே மாத ஊர்வலத்தில் குழுவுக்கு முன்னால் நடந்துபோகிறவரைப் பார்த்து, 'இவர் ஒண்ணுமே வாசிக்கலையே, எதுக்கு முன்னால போறாரு?' என்று சின்ன வயதில் கேட்டவள். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே தலைநகரத்து இசைப் பல்கலைக்கழகம் வரைக்கும் போனாள். ஆர்க்கெஸ்ட்ரா நடத்தும் வகுப்பில் அந்த ஆண்டு அவள் ஒருத்திதான் பெண்.

அந்த வகுப்பில் ஆர்க்கெஸ்ட்ரா கிடையாது. இரண்டு பியானோ இருக்கும். இரண்டு பேர் உட்கார்ந்து ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பதிலாக வாசிப்பார்கள். மாணவர் எதிரே நின்று கை காட்ட வேண்டும். வாசிக்கிறவர்கள் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். கை எதைச் சொல்கிறதோ அதை அந்த நொடியே வாசிப்பார்கள். கை நடுங்கினால் வாசிப்பும் நடுங்கும். படிப்பு முழுவதும் இப்படித்தான். அறுபது பேர் உட்கார்ந்த அசல் ஆர்க்கெஸ்ட்ராவின் முன்னால் நிற்பது பட்டக் கச்சேரியன்று ஒரே ஒரு முறை.

அந்த நாளில் அவளுக்கு நினைவிருந்தது ஒன்றுதான். கையை இறக்கினாள், ஒன்றும் கேட்கவில்லை. தரை நழுவிப்போனதுபோல் இருந்தது. அதன் பிறகு மொத்தச் சத்தமும் வந்து சேர்ந்தது. ஆர்க்கெஸ்ட்ரா கைக்குப் பின்னால்தான் வரும், பியானோபோல் கையோடு வராது என்பதை அவள் அன்றைக்குத்தான் உடம்பால் அறிந்தாள். தேர்வுக் குழுவில் ஒருவர், "நல்லா பண்ணினேம்மா. அந்த இடைவெளிதான் உன்னைப் பயமுறுத்துது. போகப் போகப் பழகிரும்," என்றார். பழகுவதற்கு ஒரு ஆர்க்கெஸ்ட்ரா வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை.

கூடப் படித்தவர்களில் ஒருவன் ராணுவப் பேண்டு நடத்தப் போனான். ஒருவன் பள்ளியில் பாட்டு வாத்தியார் ஆனான். இன்னொருவன் கோடைகாலத்தில் கருங்கடல் ஓட்டல்களில் சுற்றுலாப் பயணிகளுக்கு வால்ட்ஸ் வாசிக்கும் குழுவை நடத்தினான்; மற்ற மாதங்களில் டாக்சி ஓட்டினான். நன்றாகப் படித்தவன் கார் உதிரிபாகக் கடை வைத்தான். "படிச்ச படிப்புக்கு வேலை கெடைச்சது உனக்குத்தான்," என்று எல்லோரும் தெமெனுகாவிடம் சொன்னார்கள்.

குழியில் நிற்க ஒரு காட்சி கேட்டுத் த்ராக்னெவிடம் சில முறை போயிருக்கிறாள். "அடுத்த சீசன் பாப்போம்" என்பார். ஒருமுறை, "நீ குழியில நின்னா டிராம்போன்காரனுங்க நோட்டைப் பாப்பானுங்களா, உன்னைப் பாப்பானுங்களா?" என்றார். அப்போது அவளுக்கு முப்பது வயது. நாற்பத்தைந்தில் கேட்டபோது அந்தக் கேலிகூட வரவில்லை. "பின்னால உன்னை விட்டா ஆள் ஏது?" என்று மட்டும் சொன்னார்.

பிறகு அந்தக் குளிர்காலம் வந்தது. கணப்புக்குக் கரி போதாமல் ஒத்திகையில் வயலின்காரர்கள் விரல் வெட்டிய கையுறை போட்டுக்கொண்டு வாசித்தார்கள். இரண்டாவது நடத்துநர் ஒரு நாள் வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் இடம் காலி. த்ராக்னெவுக்கு இடுப்பு வலி வேறு. இரண்டு காட்சி தொடர்ந்து நிற்க முடியவில்லை. அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கிழமை பகல் காட்சி 'மடாலயம்'. நீ எடு."

துறவிகள் பாட்டு வரும் ஓபெராவை அரங்கத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அதன் அசல் பெயர் சுவரொட்டிக்கு மட்டும்.

"குழியிலயா?"

"பின்ன, கூரையிலயா? நல்லா வந்துச்சுன்னா அந்த எடம் உனக்கு. நான் மேல பாக்ஸ் சீட்ல உக்காந்து கேப்பேன்."

"ஒத்திகை?"

"பியானோவோட, பாடகருங்களுக்கு ஒண்ணு. ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எதுக்கு ஒத்திகை? அவனுங்க தூக்கத்துல வாசிப்பானுங்க 'மடாலயத்தை'."

அந்த அரங்கில் வழக்கம் அதுதான். இன்னொருவருக்குப் பதிலாக நிற்பவர்களுக்கு ஆர்க்கெஸ்ட்ரா ஒத்திகை தருவதில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால் பயப்படுகிறாள் என்பார்கள்.

பின்னால் அவள் இடத்தில் கோரஸ் ஆசிரியர் வெலிஸார் நிற்பதென்று முடிவாயிற்று. மெலிந்த, சுருட்டை மீசைக்காரர். கூட்டத்தில் ஒரு குரல் சுருதியில் அரை இழை கீழே போனாலும் கண்டுபிடித்துவிடுவார். சனிக்கிழமை அவளை ஆணிக்குப் பக்கத்தில் பிடித்து நிறுத்தினார்.

"எவ்வளவு முன்னாடி அடிக்கிற, சொல்லிக் குடு."

"அது சொல்ல வராது வெலிஸார். தப்பா இருக்கிற மாதிரியே கேக்கும். அந்தத் தப்பை அப்படியே விட்ருங்க."

"தப்பைக் கேட்டுக்கிட்டு சும்மா நிக்கணுமா? ஏன் தெமெனுகா, இந்த ஆளுங்க தப்பைத் திருத்தத்தானே எனக்கு இத்தனை வருஷமா சம்பளம்?"

"ஞாயித்துக்கிழமை மட்டும் திருத்தாதீங்க."

"பாக்கலாம், பாக்கலாம்," என்று மீசையைத் தடவினார். அவர் பார்க்க மாட்டார், கேட்பார் என்று அவளுக்குத் தெரிந்தது.

பியானோ ஒத்திகை தேன்போலப் போயிற்று. கை சொன்னதைப் பியானோ அந்த நொடியே சொன்னது. டெனர் பாடகன் கிலியான் அவள் கையை முத்தமிட்டு, "இத்தனை நாள் எங்க ஒளிச்சு வெச்சிருந்தாங்க உங்களை?" என்றான். அந்த வார்த்தையை அவள் வீடு வரைக்கும் எடுத்துக்கொண்டு போய்க் கணவனிடம் சொன்னாள். நெத்கோ கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன். "செட்டுக்குப் பின்னாலதான்னு சொல்ல வேண்டியதுதானே," என்றான்.

ஞாயிறு காலை பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட சூடான பனித்சாவைத் தட்டில் வைத்துவிட்டு அவன் அவள் தின்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் பாலாடைக்கட்டியை மட்டும் கிள்ளித் தின்றுவிட்டு எழுந்தாள். அவள் வாசலைத் தாண்டியதும் அவன் செம்புக் கிண்ணத்திலிருந்து தண்ணீரை அவளுக்குப் பின்னால் படியில் ஊற்றினான். பரீட்சைக்கோ புது வேலைக்கோ போகிறவர்களுக்கு அங்கே எல்லா வீட்டிலும் ஊற்றுவார்கள். காரியம் தண்ணீர்போல ஓட வேண்டும் என்று.

"இந்தக் குளிருல உறைஞ்சிரும்," என்றாள்.

"அதுக்குள்ள நீ ஓடிரு."

அரங்கம் பாதிதான் நிறைந்திருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்த பிள்ளைகள், கோட்டைக் கழற்றாத ஓய்வூதியக்காரர்கள். குழிக்குள் நுழைந்தபோது ஆர்க்கெஸ்ட்ரா வில்லால் நோட்டுத் தாங்கியைத் தட்டி அவளை வரவேற்றது. முதல் வயலின் வாசிக்கும் இஸ்க்ரா கை கொடுத்தாள். இருவரும் ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"பயப்படாதே. நாங்க இருக்கோம்," என்றாள் இஸ்க்ரா.

தெமெனுகா கையை இறக்கினாள். ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சத்தம் வந்தது. பட்டக் கச்சேரியின் அதே இடைவெளி. ஆனால் இந்த முறை தரை நழுவவில்லை. தாமதமாக வரும் சத்தத்தை என்ன செய்ய வேண்டும் என்று அவள் கைக்குத் தெரியும். கால் நூற்றாண்டாகத் தினமும் செய்தது. அதைக் கேட்காதே, முன்னால் போ. கை முன்னால் போயிற்று. சத்தம் இன்னும் பின்தங்கியது. கை இன்னும் முன்னால் போயிற்று.

முதல் அங்கம் இப்படியே ஓடியது. குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. வேகம் கொஞ்சம் கூடுதல். பிள்ளைகளுக்கு அது பிடித்தது. இஸ்க்ரா தலையைத் தூக்கி மூச்செடுத்து வில்லைப் பெரிதாக அசைப்பதையும், மற்ற வயலின்கள் அந்த வில்லையே பார்ப்பதையும் தெமெனுகா பார்த்தாள். நன்றாகத்தான் ஒத்துழைக்கிறாள் என்று நினைத்தாள்.

இரண்டாம் அங்கத்தில் கிலியானின் பாட்டு. உச்ச சுரத்தில் வந்து நின்றான். ஒத்திகையில் நின்றதைவிட நீளமாக நின்றான். கூட்டம் குறைவாக இருந்தாலும் கைதட்டலை விடுகிறவன் அல்ல. அவள் காதில் அது விழுந்தது. விழுந்தும் கைக்குப் போய்ச் சேரவில்லை. வேறொரு கையைப் பார்த்து நடந்தே பழகிய கை அது. பாடுகிறவனைக் கேட்டு நிற்கத் தெரியவில்லை. கை அடுத்த அடிக்குப் போயிற்று, அதற்கடுத்த அடிக்கும் போயிற்று. ஆர்க்கெஸ்ட்ரா அசையவில்லை. கிலியான் மூச்சு முடித்து இறங்கும்வரை அத்தனை பேரும் அவனோடு நின்று, இஸ்க்ராவின் வில் அசைந்ததும் சேர்ந்து இறங்கினார்கள். பிசிறில்லை. மேலே தூக்கிய கோலோடு தெமெனுகா நின்றாள். குழியில் ஒரு முகம்கூட அவள் பக்கம் இல்லை.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. முதல் அங்கத்திலிருந்தே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அவளைப் பார்க்காமல் வாசித்து அவர்கள் காட்சியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். அது அவளுக்குச் செய்த நல்லதுதான். அவளைக் கேலி செய்ய நினைத்திருந்தால் அவள் காட்டியபடியே வாசித்திருப்பார்கள்.

மிச்ச நேரம் அவள் ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பின்னால் நடந்தாள். அவர்கள் வாசித்ததைக் கையால் வரைந்தாள். மூன்றாம் அங்கத்தில் துறவிகளின் பாட்டுக்குக் கண்ணுக்குத் தெரியாத வெலிஸாருக்குக் கை காட்டினாள். கோரஸ் பிந்தி வந்தது. நல்ல காது உள்ள மனிதர், காதைக் கேட்டிருக்கிறார். சுருதி சுத்தம், சொல் சுத்தம், அரை அடி பின்னால். அவர்களைக் கைபிடித்து இழுத்து வருவதற்கு அவள் கை தன்னையறியாமல் முன்னால் பாய்ந்தது. இஸ்க்ரா கண்ணால் வேண்டாமென்றாள். ஆர்க்கெஸ்ட்ரா தானே மெதுவாகி, துறவிகள் வந்து சேரும்வரை காத்திருந்தது.

கைதட்டினார்கள். கிலியான் அவளை மேடைக்கு இழுத்துப் போய் வணங்கவைத்தான். அந்த வெளிச்சத்தில் நிற்க அவள் எத்தனையோ வருடங்களாக ஆசைப்பட்டிருந்தாள்.

குழி காலியான பிறகு இஸ்க்ரா வயலினை உறையில் வைத்தபடியே பேசினாள். "கோச்சுக்காதே. பின்னாடி கோரஸ் பசங்களுக்குத் தெரியாது. கூட்டத்துக்கும் தெரியாது."

"எப்பலேருந்து என்னைப் பாக்குறதை விட்டீங்க?"

இஸ்க்ரா உறையின் கொக்கியை மாட்டினாள். "முதல் பக்கம் பாத்தோம்."

த்ராக்னெவ் தன் அறையில் காலை நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவளுக்கும் ஒரு கோப்பை லிண்டன் பூத் தேநீர் ஊற்றினார்.

"காட்சி நல்லாதான் வந்துச்சு," என்றார்.

"காட்சி வந்துச்சு மேஸ்ட்ரோ."

"உன் கை நல்ல கை. எப்பவுமே நல்ல கை. ஆனா நீ கேக்கவே மாட்டேங்கறே."

அவள் அவரையே பார்த்தாள். அன்று சொன்னது அவருக்கே நினைவிருக்கிறதா என்று தேடினாள். இல்லை. அவர் ஆயிரம் பேருக்கு ஆயிரம் சொன்னவர்.

"கேக்காதேன்னு நீங்கதான் சொன்னீங்க," என்றாள்.

"நானா? எப்ப?"

"ஆணியில மாட்டச் சொன்னீங்க."

அவர் யோசித்தார். யோசித்துச் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார். "அது பின்னால நிக்கிறதுக்குச் சொன்னது தெமெனுகா."

"இத்தனை வருஷமும் பின்னாலதானே நின்னேன்."

அவர் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "வெலிஸாரைப் பாத்தியா, எப்படிக் கவுத்தாரு? பின்னால நீ இல்லாம ஆகாது. ரெண்டாவது நடத்துநர் எடத்துக்கு வெளியூர்லேருந்து ஒருத்தன் வர்றான், சின்னப் பையன், நல்லா கேப்பானாம். உனக்கு என்னிக்கும் இங்க எடம் இருக்கு."

"தெரியும்," என்றாள்.

வீட்டு வாசலில் நெத்கோ குந்தி உட்கார்ந்து, காலையில் ஊற்றிய தண்ணீர் உறைந்துபோன படியில் அடுப்புச் சாம்பலைத் தூவிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"மெதுவா வா. வழுக்கும்," என்று கையை நீட்டினான்.

அடுத்த வாரமும் 'மடாலயம்' இருந்தது. குழியில் த்ராக்னெவ் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு நின்றார். புது ஆள் அரங்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். பின்னால் கோரஸ் துறவிகளின் கறுப்பு அங்கியோடு இருட்டில் கூடியது. மேடையில் அவர்கள் வரப்போவதில்லை என்றாலும் குளிருக்காகப் போட்டுக்கொள்வார்கள். தெமெனுகா கோட்டை ஆணியில் மாட்டினாள். காதை மாட்டியாச்சா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. வெலிஸார் தூணோரம் நின்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நான் பிந்திட்டேன்," என்றார் தணிந்த குரலில்.

"உங்களுக்குக் காது இருக்கு வெலிஸார்."

டிவிப் பெட்டியில் த்ராக்னெவின் சாம்பல் கை மேலே போயிற்று. தெமெனுகாவும் கையைத் தூக்கினாள். ஒரே ஒரு முறை, தன் காதுக்குச் சரியாகக் கேட்கும்படி இறக்கினால் என்ன என்று தோன்றியது. குழியின் சத்தம் இங்கே வந்து சேரட்டும். அதனோடு இவர்கள் பாடட்டும். நான் நிற்கும் இடத்தில் ஒரு தடவையாவது இது சேர்ந்து ஒலிக்கட்டும். வெளியே அரை அடி பிந்தினால் பிந்தட்டும். முன் வரிசையில் நின்ற அடிக்குரல்காரர்கள் அவள் கையையே பார்த்தார்கள். மூச்செடுத்து நின்றார்கள். இந்தக் கட்டடத்தில் அவள் கையைப் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

கை முன்னால் போயிற்று. வழக்கம்போல, சாம்பல் கைக்கு முன்பே.

துறவிகள் பாடினார்கள். வெளியே அரங்கத்தில் அது ஆர்க்கெஸ்ட்ராவோடு இழை பிரியாமல் சேர்ந்தது; புது ஆள் தன்னையறியாமல் தலையைத் தூக்கிக் கேட்டதாக, பாட்டு தொடங்கியதும் அரங்கப் பக்கம் போய் எட்டிப் பார்த்த வெலிஸார் பிறகு வந்து சொன்னார். தெமெனுகா நின்ற இடத்தில் கோரஸ் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது, ஆர்க்கெஸ்ட்ரா எட்ட முடியாத தூரத்தில் பின்னால் வந்துகொண்டிருந்தது. கடைசிச் சுரம் அடங்கியதும் அவள் கையை மடக்கினாள். கோரஸ் கலைந்து தேநீர் குடிக்கப் போனது. கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, நான்காம் அங்கத்தில் அவள் கை காட்டவேண்டிய மணியோசைக்கு இன்னும் நேரம் இருந்ததால், அவள் அங்கேயே ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்தாள்.